விண்டோஸ் மறுபடி போடும்போது பைல்கள் போகாமல் காப்பது: அறிகுறி வாரியாக

"ஃபார்மட் அடிச்சு விண்டோஸ் போட்டுக் குடுங்க" என்று சொல்லித்தான் பெரும்பாலானவர்கள் லேப்டாப்பை மேசையில் வைக்கிறார்கள். வீட்டை ஒட்டடை அடிப்பது போல ஏதோ சுத்தம் செய்யும் வேலை என்று நினைத்துக் கேட்கிறார்கள். உள்ளே பத்து வருடப் போட்டோ இருக்கும், கடைக் கணக்கு இருக்கும், மகளின் ப்ராஜெக்ட் இருக்கும். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு முடிந்தது முதல் இப்படி வருகிறவர்கள் அதிகமாகியிருக்கிறார்கள்.

இந்த வேலையில் நான் பார்த்தவரை பைல் தொலைவது இரண்டே இடங்களில். ஒன்று, இன்ஸ்டாலேஷன் நடுவே வரும், டிஸ்க்கின் பிரிவுகளைக் காட்டும் பார்ட்டிஷன் திரை. மற்றொன்று, பைல் உண்மையில் எங்கே இருக்கிறது என்று விசாரிக்காமல் 'டாக்குமெண்ட்ஸ்' ஃபோல்டரை மட்டும் காப்பி எடுத்துக்கொண்டு திருப்தியாவது. உங்கள் நிலைமை எதுவோ அந்தத் தலைப்புக்குப் போங்கள். ஏற்கெனவே ஃபார்மட் ஆகிவிட்டது, பைல் காணோம் என்றால் அந்தக் கம்ப்யூட்டரை இப்போதே அணைத்துவிட்டு, போனில் கடைசித் தலைப்பைப் படியுங்கள்.

விண்டோஸ் திறக்கிறது, ஆனால் மெதுவாக இருக்கிறது, அடிக்கடி பிழை காட்டுகிறது

இந்த நிலையில் ஃபார்மட் தேவையே இல்லை. விண்டோஸை அதன் மேலேயே மறுபடி போடலாம். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், சிஸ்டம், ரெக்கவரி என்று போனால் 'ரீஇன்ஸ்டால் நவ்' என்ற பொத்தான் இருக்கும். பைல், புரோகிராம், செட்டிங் எல்லாம் இருந்தபடி இருக்க, சிஸ்டம் பைல்கள் மட்டும் புதிதாகும். அந்தப் பொத்தான் இல்லாத பழைய பதிப்பு என்றால், மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ பைலை (விண்டோஸ் முழுவதும் அடங்கிய ஒரே பைல்) இறக்கி, விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரட்டைக் கிளிக் செய்து, உள்ளே இருக்கும் செட்டப்பை ஓட்டுங்கள். 'கீப் பெர்சனல் ஃபைல்ஸ் அண்ட் ஆப்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். அந்த வரி மங்கலாக, தேர்வு செய்ய முடியாமல் இருந்தால், பெரும்பாலும் இறக்கிய ஐஎஸ்ஓவின் மொழியோ எடிஷனோ (ஹோம், ப்ரோ என்ற வகை) உங்களுடையதோடு பொருந்தவில்லை என்று அர்த்தம். அங்கேயே வெளியே வந்து சரியான ஐஎஸ்ஓவை இறக்குங்கள். 'நத்திங்' (எதையும் வைக்காதே) என்பதை அழுத்தித் தொடர வேண்டாம்.

அதிலும் சரியாகவில்லையென்றால் அடுத்த படி, அதே ரெக்கவரி பக்கத்தில் இருக்கும் 'ரீசெட் திஸ் பிசி'. அதில் 'கீப் மை ஃபைல்ஸ்' கொடுத்தால் உங்கள் பைல்கள் நிற்கும், நீங்கள் போட்ட புரோகிராம்கள் போகும். எவை போயின என்று ஒரு பட்டியலை டெஸ்க்டாப்பில் விட்டுவைக்கும். புரோகிராம்கள் தங்கள் சொந்தத் தகவலை வைக்கும் 'ஆப்டேட்டா' ஃபோல்டர் பழைய இடத்துக்கு அப்படியே திரும்பாது. பிரவுசர் புக்மார்க், சில மெயில் புரோகிராம்களின் கடிதங்கள் எல்லாம் அதற்குள்தான் இருக்கும். 'கீப் மை ஃபைல்ஸ்' என்று எழுதியிருப்பதை நம்பிக் காப்பி எடுக்காமல் இறங்கியவர்கள் ஏமாந்தது பெரும்பாலும் இங்கேதான்.

ஆன் செய்தால் லோகோவோடு நிற்கிறது, டெஸ்க்டாப் வரவே மாட்டேன்கிறது

முதலில் காதைக் கிட்டே வையுங்கள். பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் என்றால், சீராக 'டக்... டக்...' என்று தட்டும் சத்தம் கேட்கிறதா? கேட்டால் பவரை எடுத்துவிடுங்கள். அது விண்டோஸ் பிரச்சினை இல்லை, டிஸ்க் சாகிறது. ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் மீட்க முடிகிற அளவு குறையும். டிஸ்க்கைச் சரிபார்க்கிறேன் என்று செக்டிஸ்க் ஓட்டுவதும் இந்த நேரத்தில் ஆபத்து. முக்கியமான பைல் என்றால் டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் நேராகக் கொண்டுபோங்கள்.

சத்தம் இல்லையென்றால், விண்டோஸ் திறக்காத கம்ப்யூட்டரிலிருந்தும் பைலை வெளியே எடுக்க எளிய வழி உண்டு. லோகோ வரும்போது பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணையுங்கள். இப்படி இரண்டு மூன்று தடவை செய்தால் ரெக்கவரி திரை தானாக வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்ட் ஆப்ஷன்ஸ், கமாண்ட் ப்ராம்ப்ட் என்று போங்கள். அந்தக் கறுப்புத் திரையில் நோட்பேட் என்று ஆங்கிலத்தில் தட்டி என்டர் கொடுங்கள். நோட்பேட் திறக்கும். ஃபைல் மெனுவில் ஓப்பன் போய், கீழே 'டெக்ஸ்ட்' என்று இருப்பதை 'ஆல் ஃபைல்ஸ்' ஆக்குங்கள். இப்போது அந்தச் சின்னப் பெட்டியே உங்கள் எக்ஸ்புளோரர். இடதுபுறம் எல்லா டிரைவும் தெரியும். யூசர்ஸ் ஃபோல்டருக்குப் போய், வேண்டியதை ரைட் கிளிக் செய்து காப்பி கொடுத்து, செருகியிருக்கும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் பேஸ்ட் செய்யுங்கள். எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை வராது. உறைந்துவிட்டது போல நிற்கும். அணைத்துவிடாதீர்கள், வெளி டிஸ்க்கின் விளக்கு சிமிட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டு காத்திருங்கள். இன்னொன்று, இந்தத் திரையில் டிரைவ் எழுத்துகள் இடம் மாறியிருக்கலாம். உங்கள் சி டிரைவ் இங்கே டி என்று வரும். எழுத்தைப் பார்க்காமல், உள்ளே யூசர்ஸ் ஃபோல்டர் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெரிய வீடியோ ஒன்று மட்டும் பென் டிரைவுக்குப் போக மறுத்தால், பென் டிரைவ் ஃபேட்32 முறையில் இருக்கிறது. 4 ஜிபிக்கு மேற்பட்ட பைலை அது ஏற்காது. அந்தப் பென் டிரைவ் காலியாக இருந்தால் எக்ஸ்ஃபேட்டாக மாற்றிக்கொள்ளுங்கள்.

ரெக்கவரி திரையே வரவில்லையென்றால், உபுண்டு (இலவச லினக்ஸ்) போட்ட பென் டிரைவிலிருந்து கம்ப்யூட்டரைத் தொடங்கி, அதாவது பூட் செய்து, இன்ஸ்டால் செய்யாமல் 'ட்ரை' என்று கொடுத்து உள்ளே போகலாம். விண்டோஸ் பார்ட்டிஷன் திறந்தாலும் அதில் எழுத முடியாமல் இருக்கலாம். விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் அதைப் பாதித் தூக்கத்தில் விட்டுப் போயிருப்பதால் அப்படி. படித்துக் காப்பி எடுக்க அது போதும், வலுக்கட்டாயமாகத் திறக்க வேண்டாம்.

காப்பி முடிந்ததும் இரண்டு பக்கமும் ஃபோல்டரின் ப்ராப்பர்ட்டீஸ் பார்த்து, பைல் எண்ணிக்கை ஒன்றா என்று ஒப்பிடுங்கள். வேறொரு கம்ப்யூட்டரில் செருகி நான்கைந்து பைலைத் திறந்து பாருங்கள். இந்த ஐந்து நிமிடத்தைத் தவிர்க்கவே கூடாது.

நீலத் திரையில் 48 இலக்க எண் கேட்கிறது

இது பிட்லாக்கர், டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸின் வசதி. "நான் எந்தப் பூட்டும் போடலையே" என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மை. விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பைப் புதிதாகப் போட்டு மைக்ரோசாஃப்ட் கணக்கோடு நுழைந்தால், பெரும்பாலான லேப்டாப்களில் இந்தப் பூட்டு தானே விழுந்துவிடும். சாவியும் தானே அந்தக் கணக்கில் போய் உட்காரும். எனவே எந்த மெயில் முகவரியில் முதன்முதலில் லேப்டாப்பைத் தொடங்கினீர்கள் என்று யோசியுங்கள். மகனுடையதாக இருக்கலாம், அலுவலகத்துடையதாக இருக்கலாம். போனில் அந்தக் கணக்குக்குள் போய், சாதனங்கள் பட்டியலில் ரெக்கவரி கீயைத் தேடுங்கள். நீலத் திரையில் காட்டும் கீ ஐடியின் முதல் 8 எழுத்துகளும் கணக்கில் இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டும். அது பொருந்தினால்தான் அந்தச் சாவி இந்தப் பூட்டுக்கு.

சாவி இல்லாமல் அந்தப் பார்ட்டிஷனைத் திறக்க வழி கிடையாது. திறந்து தருகிறேன் என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

பலருக்குத் தெரியாத ஒரு சிக்கல் இதில் இருக்கிறது. சி டிரைவை மட்டும்தானே அழிக்கிறோம், டி பத்திரமாக இருக்கும் என்று நினைத்து விண்டோஸ் போடுவார்கள். டி டிரைவும் பூட்டப்பட்டிருந்தால், அதைத் தானாகத் திறந்துகொண்டிருந்தது சி-யில் இருந்த பழைய விண்டோஸ்தான். அது போனதும் டி சாவி கேட்கும். ஆகவே கம்ப்யூட்டர் நன்றாக ஓடும்போதே செட்டிங்ஸில் 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதிக்குப் போய், டிவைஸ் என்கிரிப்ஷன் ஆனில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அணைத்து, பூட்டு முழுவதும் அவிழும்வரை காத்திருந்து, பிறகே வேலையைத் தொடங்குங்கள். பூட்டை அணைக்க விரும்பவில்லையென்றால் ஒவ்வொரு டிரைவின் சாவியையும் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

இன்ஸ்டால் செய்யப் போனால் டிஸ்க்கே தெரியவில்லை

டிஸ்க் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். இன்டெல் 11-ஆம் தலைமுறை முதல் வந்த பல லேப்டாப்களில் டிஸ்க்கைக் கையாள விஎம்டி என்ற ஏற்பாடு இருக்கிறது. அதற்கான டிரைவர் விண்டோஸ் பென் டிரைவில் இல்லாவிட்டால் டிஸ்க் கண்ணுக்குத் தெரியாது. லேப்டாப் நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடலுக்கான இன்டெல் ரேபிட் ஸ்டோரேஜ் டிரைவரை இறக்கி, விரித்து, பென் டிரைவில் போட்டு, 'லோட் டிரைவர்' கொடுங்கள். டிஸ்க் தன் பார்ட்டிஷன்களோடு தெரியும்.

"இந்த டிஸ்க்கில் விண்டோஸ் போட முடியாது" என்கிறது; ஜிபிடி, எம்பிஆர் என்று ஏதோ சொல்கிறது

நிறைய டி டிரைவ்கள் உயிரை விடும் இடம் இது. இந்தச் செய்தியைத் தேடினால், எல்லாப் பார்ட்டிஷனையும் டெலீட் செய் என்றும், விண்டோஸின் டிஸ்க்பார்ட் என்ற கருவியில் 'கிளீன்' கொடு என்றும் விடை வரும். பிழை உடனே மறையும், இன்ஸ்டாலேஷன் ஓடும். கூடவே அந்த டிஸ்க்கில் இருந்த எல்லா டிரைவும் போகும். கிளீன் என்பது ஒரு டிரைவை அழிக்கும் கட்டளை இல்லை, மொத்த டிஸ்க்கின் பட்டியலையே அழிப்பது.

உண்மையில் நடந்தது மிகச் சின்ன விஷயம். ஜிபிடி, எம்பிஆர் இரண்டும் டிஸ்க்கைப் பிரித்து வைக்கும் முறைகள். டிஸ்க் ஒரு முறையில் பிரிக்கப்பட்டிருக்கிறது, பென் டிரைவ் அதற்குப் பொருந்தாத முறையில் பூட் ஆகியிருக்கிறது. வெளியே வந்து, பூட் மெனுவைத் திறந்து பாருங்கள். ஒரே பென் டிரைவின் பெயர் இரண்டு தடவை இருக்கும், ஒன்றின் முன்னால் யுஇஎஃப்ஐ (புதிய பூட் முறை) என்று இருக்கும். டிஸ்க் ஜிபிடி என்று பிழைச் செய்தி சொன்னால் யுஇஎஃப்ஐ உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். எம்பிஆர் என்று சொன்னால் மற்றதை. ஒன்றுதான் தெரிகிறதென்றால் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே திறக்கும் கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங் திரை) பூட் முறையைப் பார்க்க வேண்டும்.

விண்டோஸ் 11-க்கு யுஇஎஃப்ஐ வேண்டும், உங்கள் டிஸ்க்கோ எம்பிஆர் என்றால், பைலை அழிக்காமலே மாற்றித்தர 'எம்பிஆர்டுஜிபிடி' என்ற கருவியை மைக்ரோசாஃப்டே விண்டோஸ் 10-க்குள் வைத்திருக்கிறது. ஆனால் டிஸ்க்கில் மூன்று பிரைமரி பார்ட்டிஷனுக்கு மேல் இருந்தாலோ, டி டிரைவ் லாஜிக்கல் பார்ட்டிஷனாக இருந்தாலோ அது மறுத்துவிடும். எப்படியிருந்தாலும் காப்பி எடுத்த பிறகே அதைத் தொடுங்கள்.

பார்ட்டிஷன் திரையில் எது சி, எது டி என்று புரியவில்லை

அந்தத் திரையில் சி, டி என்ற எழுத்துகள் இருக்காது. டிஸ்க் 0 பார்ட்டிஷன் 1, 2, 3 என்று வரிசையாக வரும். 100 எம்பி, 16 எம்பி என்று சின்னச் சின்னதாக இருப்பவை விண்டோஸ் தன் உபயோகத்துக்கு வைத்திருப்பவை. மிச்சம் இரண்டு பெரியவை 237 ஜிபி, 238 ஜிபி என்று ஒரே அளவில் இருந்தால் என்ன செய்வீர்கள்? ஊகித்து அழுத்துவார்கள். நான் தொழிலுக்கு வந்த புதிதில் அப்படி ஊகித்தேன். ஒரு தையற்கடைக்காரரின் கல்யாண ஆல்பம் இருந்த டிரைவை ஃபார்மட் செய்துவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "வேற எங்கயும் இல்லையே தம்பி" என்று இரண்டு முறை சொன்னார். அந்தக் குரல் இன்னும் என்னிடம் இருக்கிறது.

அதற்குப் பிறகு செய்வது இது. விண்டோஸ் ஓடும்போதே 'திஸ் பிசி'க்குள் போய் சி தவிர மற்ற ஒவ்வொரு டிரைவையும் ரீநேம் செய்து 'அழிக்காதே' என்று ஆங்கில எழுத்தில் பெயர் வைப்பேன். பல பதிப்புகளில் செட்டப் திரை அந்தப் பெயரைக் காட்டும். கூடவே டிஸ்க் மேனேஜ்மென்ட் திரையைத் திறந்து போனில் போட்டோ எடுத்துக்கொள்வேன். டெஸ்க்டாப் கம்ப்யூட்டர், இரண்டு தனித்தனி டிஸ்க் என்றால் இன்னும் நல்லது: கேபினெட்டைத் திறந்து டேட்டா டிஸ்க்கின் சாட்டா கேபிளைப் பிடுங்கிவிடுங்கள். செருகாத டிஸ்க்கை யாராலும் ஃபார்மட் செய்ய முடியாது.

சரியான பார்ட்டிஷன் தெரிந்தபின், ஃபார்மட்டும் டெலீட்டும் தொடாமல், பழைய விண்டோஸ் இருந்ததைத் தேர்ந்தெடுத்து நெக்ஸ்ட் மட்டும் கொடுத்தால், பழைய பைல்களை விண்டோஸ்.ஓல்ட் என்ற ஃபோல்டருக்கு நகர்த்துவதாக ஒரு செய்தி வரும். அந்தச் செய்தியை நீங்கள் பார்க்க வேண்டும். அதற்குப் பதிலாக எல்லாம் அழிக்கப்படும் என்று ஒரு டிக் கேட்டால், காப்பி கையில் இல்லாத நிலையில் அங்கேயே நிறுத்துங்கள்.

லினக்ஸ்காரர்களுக்கு: ஹோம் தனிப் பார்ட்டிஷனில் இருந்தால், பார்ட்டிஷனை நீங்களே பிரிக்கும் வழியைத் தேர்ந்தெடுத்து, அதை ஹோம் என்றே மவுன்ட் செய்து, ஃபார்மட் டிக்கை எடுத்துவிட்டு, பழைய யூசர் பெயரையே கொடுங்கள்.

விண்டோஸ் போட்டாயிற்று, டெஸ்க்டாப் காலியாக இருக்கிறது

சி டிரைவில் விண்டோஸ்.ஓல்ட் இருக்கிறதா பாருங்கள். அதற்குள் யூசர்ஸ், அதற்குள் உங்கள் பழைய பெயர், அதற்குள் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், பிக்சர்ஸ். அனுமதி இல்லை என்று சொன்னால் கன்டின்யூ கொடுத்துக் காத்திருங்கள். இந்த ஃபோல்டரை விண்டோஸ் தானே அழித்துவிடும். அப்கிரேட் செய்தவர்களுக்கு 10 நாள்தான். டிஸ்க் கிளீனப் ஓட்டினால் அன்றைக்கே போகலாம். இன்றைக்கே காப்பி எடுங்கள்.

உள்ளே போயும் டெஸ்க்டாப் காலியா? பக்கத்திலேயே ஒன்டிரைவ் என்ற ஃபோல்டரைத் திறந்து, அதற்குள் இன்னொரு டெஸ்க்டாப் இருக்கிறதா பாருங்கள். கேட்டும் கேட்காமலும் ஒன்டிரைவ் இந்த ஃபோல்டர்களைத் தனக்குள் இழுத்துக்கொள்வது வழக்கம். சில பைல்களின் பக்கத்தில் நீல மேகம் மட்டும் இருந்திருக்கும். அவற்றின் பெயர்தான் கம்ப்யூட்டரில், உள்ளடக்கம் இணையத்தில். பிரவுசரில் ஒன்டிரைவ் கணக்குக்குள் நுழைந்து இறக்கிக்கொள்ளுங்கள்.

டேலி திறக்கிறது, ஆனால் கம்பெனியே இல்லை

கணக்கு எழுத டேலி மென்பொருளை வைத்திருக்கும் கடைக்காரர்கள் இதைப் பார்த்தவுடன் முகம் வெளுத்துப்போவார்கள். டேலி பிரைமின் கணக்கு வழக்கமாக சி டிரைவில் யூசர்ஸ், பப்ளிக், டேலிபிரைம், டேட்டா என்ற பாதையில் இருக்கும். உங்கள் பெயரில் உள்ள ஃபோல்டரை மட்டும் காப்பி எடுத்தவர்கள் பப்ளிக்கை விட்டிருப்பார்கள். விண்டோஸ்.ஓல்டுக்குள் அதே பாதையில் தேடுங்கள். டேலியின் பழைய பதிப்பான இஆர்பி 9 என்றால் சி டிரைவின் வாசலிலேயே டேலி ஃபோல்டர் இருக்கும். அதற்குள் டேட்டா. 10000, 10001 என்று வெறும் எண்ணே பெயராக இருக்கும் ஃபோல்டர்கள்தான் கம்பெனிகள். டேலியை மூடிவிட்டு அந்த எண் ஃபோல்டரை முழுசாகக் காப்பி எடுத்து, புது டேலியின் டேட்டா பாதையில் வையுங்கள்.

பிரவுசரில் சேமித்த பாஸ்வேர்டு இல்லை

குரோமின் பழைய ஃபோல்டரிலிருந்து புக்மார்க் திரும்பும். பாஸ்வேர்டு திரும்பாது, அது பழைய விண்டோஸ் கணக்கோடு பிணைத்துப் பூட்டப்பட்டது. முன்கூட்டியே சிங்க் போட்டிருக்க வேண்டும், அல்லது ஏற்றுமதி செய்திருக்க வேண்டும். ஃபயர்ஃபாக்ஸில் ப்ரொஃபைல் ஃபோல்டரை முழுசாக எடுத்து வைத்தால் பாஸ்வேர்டும் கூடவே வரும்.

பைல் இருக்கிறது, திறந்தால் தமிழ் இல்லை

டிடிபி செய்பவர்கள், பத்திரம் எழுதுபவர்கள், கோயில் நோட்டீஸ் அடிப்பவர்கள் அடிக்கடி கொண்டுவரும் பிரச்சினை. ஆங்கில எழுத்தும், புள்ளி வர வேண்டிய இடத்தில் எல்லாம் அரைப்புள்ளியுமாக ஒரு பக்கம் முழுக்க இருந்தால், அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில் அடித்தது. பைல் கெடவில்லை, எழுத்துரு இல்லை, அவ்வளவுதான். வைரஸ் என்று நினைத்து அந்த பைல்களை அழித்தவர்களும் உண்டு, தயவுசெய்து அழிக்காதீர்கள். விண்டோஸ்.ஓல்டுக்குள் விண்டோஸ், ஃபான்ட்ஸ் என்று போய்ப் பழைய எழுத்துருக்களை எடுத்து மறுபடி இன்ஸ்டால் செய்யுங்கள். அங்கே இல்லையென்றால் உங்கள் பெயருள்ள ஃபோல்டரில் ஆப்டேட்டா, லோக்கல், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், ஃபான்ட்ஸ் வரை போய்ப் பாருங்கள். ஒரு பயனருக்கு மட்டும் போட்ட எழுத்துரு அங்கே உட்கார்ந்திருக்கும். இருபது வருடத்துக்கு முன்னால் சிடியில் வந்த எழுத்துரு இன்று கிடைப்பது கஷ்டம், ஆகவே விண்டோஸ் போடுவதற்கு முன் ஃபான்ட்ஸ் ஃபோல்டரை முழுக்கக் காப்பி எடுப்பதைப் பழக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். நேரம் கிடைக்கும்போது முக்கியமான ஆவணங்களை யூனிகோடுக்கு மாற்றிவிடுங்கள்.

ஃபார்மட் ஆகிவிட்டது, காப்பி இல்லை

கம்ப்யூட்டரை அணையுங்கள். அப்டேட் ஓட வேண்டாம், ரெக்கவரி புரோகிராம் இறக்க வேண்டாம், பாட்டுகூடப் போட வேண்டாம். புதிதாக எழுதப்படும் ஒவ்வொன்றும் பழைய பைல் இருந்த இடத்தில் போய் விழலாம். டிஸ்க்கைக் கழற்றி, சாட்டாவிலிருந்து யுஎஸ்பிக்கு மாற்றும் கேபிளில் வேறொரு கம்ப்யூட்டரோடு இணையுங்கள். அது "ஃபார்மட் செய்யட்டுமா" என்று கேட்டால் கேன்சல்.

பார்ட்டிஷனை டெலீட் மட்டும் செய்து, அதன்மேல் எதுவும் எழுதாமல் நிறுத்தியிருந்தால் நம்பிக்கை அதிகம். டெஸ்ட்டிஸ்க் என்ற இலவசக் கருவி தொலைந்த பார்ட்டிஷனைத் தேடிக் கண்டுபிடித்து, அதில் இருப்பதைப் பட்டியலிட்டுக் காட்டும். பெயர்கள் தெரிந்தால் உடனே காப்பி எடுங்கள். பிறகு பார்ட்டிஷனைத் திரும்ப எழுதலாம். குவிக் ஃபார்மட் ஆன சுழலும் ஹார்ட் டிஸ்க்கிலும் கணிசமாக மீட்கலாம். அதே குழுவின் ஃபோட்டோரெக், பைல்களை அவற்றின் உள்ளமைப்பை வைத்து அடையாளம் கண்டு எடுக்கும், ஆனால் பெயரும் ஃபோல்டரும் போய்விடும். ஆயிரக்கணக்கான எண் பெயர் பைல்களில் உங்கள் போட்டோவைப் பொறுக்க வேண்டியிருக்கும். மீட்டதை அதே டிஸ்க்கில் சேமிக்காதீர்கள்.

சுழலும் பாகம் இல்லாத எஸ்எஸ்டி என்றால் நிலைமை வேறு. ஃபார்மட் செய்தவுடன் இந்த இடமெல்லாம் காலி என்று விண்டோஸ் எஸ்எஸ்டியிடம் சொல்லிவிடும். அதற்கு ட்ரிம் என்று பெயர். எஸ்எஸ்டி தன் வசதிக்கு அவற்றைத் துடைத்துவிடும். பெரும்பாலும் திரும்பாது, ஆயிரக்கணக்கில் செலவழித்தாலும். இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அப்போது தேட வேண்டிய இடங்கள் வேறு. அந்தப் போட்டோவை யாருக்காவது வாட்ஸ்ஆப்பில் அனுப்பினீர்களா? ப்ராஜெக்டை கைடுக்கு மெயில் செய்தீர்களா? ஆடிட்டரிடம் போன மாத டேலி பேக்கப் இருக்கிறதா? மெயிலின் 'சென்ட்' ஃபோல்டர், கூகுள் போட்டோஸ், மேசை இழுப்பறையில் கிடக்கும் பழைய மெமரி கார்டு, பிரிண்ட் எடுத்த ஸ்டூடியோவின் கம்ப்யூட்டர் என்று ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாகக் கேட்டு, அடித்துக்கொண்டே வாருங்கள். அந்தத் தையற்கடைக்காரரின் ஆல்பத்தில் பாதி, மண்டபத்தில் படம் எடுத்தவரின் பழைய டிவிடியிலிருந்துதான் கிடைத்தது.